பனிக்காலத்தில் பிள்ளைக்குக் கரப்பான்: மலையை விட்டு இறங்கினால்தான் தீருமா?

கேத்தி அம்மா

வணக்கம். ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தியில் இருக்கிறோம். மகனுக்கு நான்கு வயது. கைக்குழந்தையாக இருந்தபோது கன்னம் இரண்டும் சொரசொரவென்று ஆனதில் தொடங்கியது. இப்போது கன்னம் தெளிந்துவிட்டது. ஆனால் முழங்கை மடிப்பிலும், முழங்காலுக்குப் பின்னாலும், கழுத்திலும் தோல் தடித்து, கருத்து, வெடித்துக் கிடக்கிறது. கார்த்திகை பிறந்துவிட்டால் வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. தூக்கத்திலேயே சொறிகிறான். காலையில் தலையணை உறையில் ரத்தப் பொட்டு இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் எங்கே கீறியிருக்கிறான் என்று தேடுவேன்.

குழந்தை டாக்டர் எக்ஸிமா என்று சொல்லி ஒரு மாய்ச்சரைசரும் ஒரு ஸ்டீராய்டு ஆயின்ட்மென்டும் எழுதிக் கொடுத்தார். தடவினால் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. மாமியார் இதைக் கரப்பான் என்கிறார். கத்தரிக்காய், கருவாடு, நிலக்கடலை, முட்டை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார். சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் "மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிடுங்க, குளிர் இல்லேன்னா சரியாயிடும்" என்கிறார்கள். கணவருக்கு வேலை இங்கேதான். பிள்ளைக்காக என்றால் இறங்கவும் தயார். ஆனால் இறங்கினால் உண்மையிலேயே தீருமா?

மஞ்சூர்க்காரன்

அக்கா, அவசரப்பட்டு வீட்டைக் காலி செய்துவிடாதீர்கள். என் தங்கை மகளுக்கும் இதே தொல்லை. தங்கை கல்யாணமாகி கோவையில் இருக்கிறாள். மார்கழியில் அங்கே நன்றாகத்தான் இருந்தது. சித்திரை வந்ததும் வியர்வையில் அதே முழங்கை மடிப்பு பற்றி எரிந்தது. லீவுக்கு மஞ்சூர் வந்தால்தான் அந்தப் பிள்ளைக்கு நிம்மதி. ஆக, குளிர் ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது.

தோல் மருத்துவர், குன்னூர்

மஞ்சூர்க்காரர் சொன்னது சரியான கவனிப்பு. கேத்தி அம்மா, நோய் இருப்பது உங்கள் ஊரில் இல்லை, பிள்ளையின் தோலின் மேலடுக்கில் இருக்கிறது. அவன் எங்கே போனாலும் அந்தத் தோல் கூடவே போகும்.

நம் தோலின் மேலடுக்கு செங்கல் சுவர் மாதிரி. செத்த செல்கள் செங்கல், நடுவில் இருக்கும் செராமைடு போன்ற கொழுப்புகள் சாந்து. எக்ஸிமா உள்ள பிள்ளைகளுக்கு இந்தச் சாந்து குறைவு. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே கசியும், வெளியே இருக்கும் சோப்பு, தூசு, கிருமி உள்ளே புகும். உடம்பின் எதிர்ப்பு சக்தி அதை எதிர்த்துக் கிளம்பும்போது அழற்சியும் அரிப்பும் வருகின்றன. சொறிந்தால் சுவர் இன்னும் இடியும், அதனால் அரிப்பு இன்னும் கூடும். 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகக் குழு, ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்கான மரபணுவில் உள்ள குறைக்கும் எக்ஸிமாவுக்கும் நேரடித் தொடர்பைக் காட்டியது. அந்தப் புரதம்தான் தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்க உதவுகிறது. எல்லா எக்ஸிமாவுக்கும் அது மட்டுமே காரணம் இல்லை. ஆனாலும் "தாய் எதைச் சாப்பிட்டாள், எப்படி வளர்த்தாள்" என்று பெண்கள் மேல் பழி போடுவதை இதைப் படித்த பிறகாவது நிறுத்த வேண்டும்.

அப்புறம் ஏன் பனிக்காலத்தில் கூடுகிறது? குளிர்ந்த காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியாது. வெளியே 5 டிகிரியில் காற்று முழு ஈரத்தோடு இருந்தாலும், அதே காற்றை வீட்டுக்குள் ரூம் ஹீட்டர் போட்டு 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். அந்த வறண்ட காற்று தோலில் இருக்கும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். இரண்டாவது, நம் ஊர் வெந்நீர்க் குளியல். ஆவி பறக்கப் பறக்க ஊற்றிக்கொண்டால் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் கொஞ்சநஞ்சம் இருக்கும் கொழுப்பையும் அது கரைத்துவிடும். மூன்றாவது, கம்பளி நேராகத் தோலில் படுவது. இந்த மூன்றையும் மலையிலேயே இருந்து மாற்றலாம். சமவெளியில் உங்களுக்குக் கிடைக்கப் போவது வேறு எதிரிகள்: வியர்வை, வெப்பம், பல இடங்களில் போர் தண்ணீரின் உப்பு.

கோத்தகிரி நர்ஸ்

டாக்டர் சொன்னதை வீட்டில் எப்படிச் செய்வது என்று நான் சொல்கிறேன். தோல் ஓபியில் பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன். மாய்ச்சரைசர் போட்டும் கேட்கவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "ஒரு ட்யூப் எத்தனை நாள் வருது?" முக்கால்வாசிப் பேர் ஒரு மாதம் என்பார்கள். உடம்பு முழுக்க வறண்ட பிள்ளைக்கு வாரத்துக்கே 250 கிராம் வரை தேவைப்படும். பொட்டு வைப்பது போல வைத்தால் எப்படிக் கேட்கும்?

வெதுவெதுப்பான தண்ணீர், ஐந்து பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். உங்கள் முழங்கையைத் தண்ணீரில் வைத்தால் சூடு என்றே தோன்றக் கூடாது. சாதாரண சோப்பு காரத்தன்மை உள்ளது, தோலோ லேசான அமிலத்தன்மை உள்ளது. அதனால் வாசனை இல்லாத, காரமில்லாத சோப்பை அக்குள், இடுக்கு, பாதம் இவற்றுக்கு மட்டும் போட்டால் போதும். பயத்தமாவு போட்டுத் தேய்க்க வேண்டாம், பீர்க்கை நாரும் வேண்டாம். துண்டால் ஒற்றி எடுங்கள். உடம்பில் ஈரம் மினுங்கும்போதே, குளியலறைக் கதவைத் திறப்பதற்கு முன்பே, மூன்று நிமிடத்துக்குள் கெட்டியாகத் தடவிவிடுங்கள். மேலிருந்து கீழாக, ரோமம் சாயும் பக்கமாக நீவ வேண்டும். எதிர்ப்பக்கம் தேய்த்தால் ரோமக்காலில் பரு வரும்.

லோஷன் நம் ஊர்ப் பனிக்குப் போதாது. அதில் தண்ணீர்தான் அதிகம். க்ரீம் பரவாயில்லை, ஆயின்ட்மென்ட் இன்னும் நல்லது. பணம் கட்டுப்படியாகவில்லை என்றால் வாசனை சேர்க்காத வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியே போதும். டப்பாவில் விரலை விடாமல் சுத்தமான ஸ்பூனால் எடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டி விடுங்கள்.

இன்னொன்று, மலையில் இருப்பவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பாரஃபின், ஜெல்லி ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும். துவைத்தாலும் முழுதாகப் போகாது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் இதற்காகவே எச்சரிக்கை விட்டது. தடவிய கையோடு பிள்ளையை விறகடுப்புப் பக்கமோ, கணப்புப் பக்கமோ குளிர் காய உட்கார வைக்காதீர்கள்.

கேத்தி அம்மா

நன்றி அக்கா. எங்கள் ட்யூப் இரண்டு மாதம் வருகிறது. இப்போது புரிகிறது. ஸ்டீராய்டு என்றதும் மனசு பதறுகிறது. தோல் மெலிந்துவிடும், வளர்ச்சி நின்றுவிடும் என்கிறார்கள். அதனால் ரொம்பக் கொஞ்சமாகத்தான் போடுகிறேன், லேசாக அடங்கியதும் நிறுத்திவிடுகிறேன். எவ்வளவுதான் போட வேண்டும்?

தோல் மருத்துவர், குன்னூர்

இந்தப் பயம் எல்லாத் தாய்மாருக்கும் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் பாதி அளவு, பாதி நாள் போட்டால் தீ முழுதாக அணையாது. உள்ளே கனன்றுகொண்டே இருந்து நான்கு நாளில் மறுபடி கிளம்பும். கடைசியில் வருடக் கணக்கில் பார்த்தால் நீங்கள் பயந்ததைவிட அதிக மருந்துதான் உள்ளே போயிருக்கும்.

அளவுக்கு ஒரு எளிய வழி. பெரியவர்களின் ஆள்காட்டி விரலில், நுனியிலிருந்து முதல் ரேகை வரை ட்யூபிலிருந்து நீளமாகப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். பெரியவர்களின் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு, விரல்களையும் சேர்த்து, அது போதும். உங்கள் மகனின் இரண்டு முழங்கை மடிப்புக்கும் சேர்த்து அந்த ஒரு விரல்நுனி அளவே அதிகம். மருத்துவர் சொன்ன நாள் வரை, பொதுவாகத் தோலைத் தடவிப் பார்த்தால் வழவழவென்று ஆகும் வரை போட வேண்டும். கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நம் நிறத்துத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது, கருஞ்சாம்பலாகவோ பழுப்பாகவோதான் தெரியும். அழற்சி போன பிறகும் கருமை அல்லது வெளுப்பு பல மாதம் தங்கும். அதற்கு ஸ்டீராய்டு தேவையில்லை, தானாக மங்கும். சொரசொரப்பு, தடிப்பு, அரிப்பு இருந்தால் மட்டுமே மருந்து.

எல்லா ஸ்டீராய்டும் ஒன்றில்லை. முகத்துக்கும் கழுத்துக்கும் ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற மென்மையானது. தடித்த இடத்துக்குச் சில நாள் மொமெட்டசோன் போன்றது. குளோபெட்டசால் மிகவும் வீரியமானது, சிறு பிள்ளையின் மடிப்பில் அதற்கு வேலையே இல்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், அடங்கிய பிறகும் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அதே இடத்தில் தடவி வரும் முறை உண்டு. கண் இமை, கழுத்து மாதிரி இடங்களுக்கு ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் இருக்கிறது. 2 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 0.03 சதவீதம். முதல் சில நாள் எரியும், பிறகு பழகிவிடும். எது, எத்தனை நாள் என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அருவங்காடு தாத்தா

இவ்வளவு எதற்கு? மெடிக்கலில் போய் "அரிப்புக்கு க்ரீம்" என்று கேட்டாலே ஒன்று தருவார்கள். எனக்குத் தொடையில் வந்தது, இரண்டே நாளில் நின்றுவிட்டது. விலையும் குறைவு.

கோத்தகிரி நர்ஸ்

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த ட்யூபைப் பிள்ளைக்குத் தொடவே கூடாது. அப்படிக் கேட்டால் கையில் கிடைப்பது பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டு, படைக்கான பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் எல்லாம் ஒன்றாகக் கலந்தது. இரண்டு நாளில் அரிப்பு நிற்பது அந்த ஸ்டீராய்டால். உங்களுக்குத் தொடையில் வந்தது ஒருவேளை படையாக இருந்தால், மேலே அடங்கினது மாதிரி காட்டிவிட்டு ஓரம் ஓரமாகப் பரவும், வட்டமே தெரியாமல் உருமாறிவிடும். பிறகு மருத்துவருக்கே கண்டுபிடிப்பது கஷ்டம். திரும்ப வந்தால் ஒருமுறை காட்டிவிடுங்கள். முகத்தில் மாதக் கணக்கில் பூசியவர்களுக்கு ரத்தக் குழாய் தெரிகிற அளவுக்குத் தோல் மெலிந்ததை நான் பார்த்திருக்கிறேன். 2018-இலேயே ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் கொண்டுவந்துவிட்டார்கள். சட்டம் இருக்கிறது, கேட்டு வாங்குகிற பழக்கம்தான் போகவில்லை.

குன்னூர் மருமகள்

எண்ணெய் பற்றி யாரும் சொல்லவில்லையே? எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய்தான் தடவுகிறோம். பிள்ளைக்குச் சளி பிடித்தால் நீலகிரித் தைலமும் தேய்ப்போம். இரண்டும் சரிதானே?

தோல் மருத்துவர், குன்னூர்

முதலாவது சரி, இரண்டாவது வேண்டவே வேண்டாம்.

செக்கில் ஆட்டிய சுத்தமான தேங்காய் எண்ணெய் நல்லது. 2014-இல் பிலிப்பைன்ஸில் எக்ஸிமா உள்ள குழந்தைகளிடம் செய்த ஆய்வில், கனிம எண்ணெயைவிட அது நன்றாக வேலை செய்தது. 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும் என்பதால் நம் ஊரில் ஆண்டில் பாதி நாள் பாட்டிலில் வெள்ளைக் கட்டியாகத்தான் நிற்கும். அகன்ற வாய் டப்பாவில் ஊற்றி வைத்து, வேண்டியதைச் சுரண்டி உள்ளங்கையில் உருக்கித் தடவுங்கள். அடுப்பில் காய்ச்சிச் சூடாகப் போடாதீர்கள். தோல் ரொம்ப வறண்டிருந்தால் எண்ணெய் மட்டும் போதாது, மேலே ஜெல்லியும் வேண்டும். ஆலிவ் எண்ணெய், கடுகு எண்ணெய் இரண்டையும் தவிர்க்கவும். அவை தோல் தடுப்பை இன்னும் கெடுக்கும்.

நீலகிரித் தைலம், விண்டர்கிரீன் தைலம், கற்பூரம் கலந்த தைலங்கள் எல்லாம் நம் மலையின் பெருமைதான். ஆனால் வெடித்த தோலில் பட்டால் நெருப்பு. எக்ஸிமா இல்லாத இடத்தில் தடவினாலும் பிள்ளை அந்தக் கையால் மடிப்பைச் சொறிவான். சின்னக் குழந்தை வாயில் வைத்தால் விஷம் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

சித்தா மாணவர், பழனி

கரப்பான் பண்டம் என்று நம் பாட்டிகள் ஒதுக்கி வைத்ததை முழுக்கத் தள்ளிவிட முடியாது. கத்தரிக்காய் சாப்பிட்டால் அரிப்பு கூடுவதாகச் சொல்பவர்கள் நிறைய. சித்த மருத்துவத்தில் இதற்கு எண்ணெய்களும் உள்மருந்தும் உண்டு. பட்டம் பெற்றவரிடம் போக வேண்டும், தெருவில் விற்கிற வேர்ப்பொடியை நம்பக் கூடாது. இதை நானே சொல்கிறேன்.

தோல் மருத்துவர், குன்னூர்

தம்பி சொன்னதில் கடைசி வரியை எல்லோரும் குறித்துக்கொள்ள வேண்டும். பெயர் தெரியாத பொடியில் ஸ்டீராய்டோ உலோகமோ இருந்தால் நமக்குத் தெரியவே தெரியாது.

உணவு விஷயத்தில் என் கருத்து இது. சில குழந்தைகளுக்கு, குறிப்பாகக் கைக்குழந்தையிலேயே கடுமையான எக்ஸிமா உள்ளவர்களுக்கு, பால், முட்டை போன்றவற்றால் உண்மையான ஒவ்வாமை இருக்கலாம். சாப்பிட்ட சற்று நேரத்தில் உதடு வீங்குவது, தடிப்பு தடிப்பாக எழும்புவது, வாந்தி வருவது இதற்கு அடையாளம். அப்படி இருந்தால் பரிசோதிக்க வேண்டும். அது எதுவும் இல்லாமல் முட்டை, கடலை, பால், மீன் எல்லாவற்றையும் நிறுத்தினால் தோல் தெளியாது, பிள்ளைதான் இளைத்துப் போகும். ஒழுங்காகச் சாப்பிட்டு வந்த உணவை வருடக் கணக்கில் நிறுத்திவிட்டுத் திரும்பக் கொடுக்கும்போது புதிதாக ஒவ்வாமை கிளம்பிய பிள்ளைகளும் உண்டு. மாமியாரோடு சண்டை வேண்டாம். கத்தரிக்காயைக் கொஞ்ச நாள் விட்டுப் பார்ப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. முட்டையில் மட்டும் கை வைக்காதீர்கள்.

பூம்பாறை விவசாயி

இடையில் ஒரு சந்தேகம். கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு போடுகிறோம். சீசனில் உரித்து, தரம் பிரித்துக் கட்டும்போது என் மனைவிக்கு விரல் நுனி வெடித்து ரத்தம் வருகிறது. இடது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். மற்ற விரல் நன்றாக இருக்கிறது. இதுவும் எக்ஸிமாவா? அறுவடை முடிந்தால் குறைகிறது.

தோல் மருத்துவர், குன்னூர்

ஐயா, நீங்கள் எழுதிய விதத்திலேயே விடை இருக்கிறது. உங்கள் மனைவி வலது கையில் கத்தி பிடிப்பவராக இருப்பார். பூண்டைப் பிடிக்கும் இடது கையின் மூன்று விரல் நுனியில் மட்டும் வருவது பூண்டு ஒவ்வாமைக்கு உரிய அடையாளம். பூண்டில் உள்ள டைஅல்லைல் டைசல்ஃபைடு என்ற பொருள்தான் காரணம். இதுவும் எக்ஸிமா வகைதான், ஆனால் பிறவித் தோல் குறையால் வருவது அல்ல, தொட்டதால் வருவது. பேட்ச் டெஸ்ட் என்ற ஒட்டுப் பரிசோதனையில் உறுதி செய்யலாம். சாதாரண ரப்பர் கையுறை போட்டால் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம், அந்தப் பொருள் ரப்பரை ஊடுருவிவிடும். முடிந்தால் உரிக்கிற, நறுக்கிற வேலையை வீட்டில் வேறொருவர் எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு அது, அதை விடச் சொல்லவில்லை. அவர் கை அதைத் தொடாமல் இருக்க வழி பாருங்கள்.

மஞ்சூர்க்காரன்

எங்கள் பக்கம் கேரட் கழுவுகிற இடத்தில் வேலை செய்கிற பெண்களுக்கும் கை முழுக்க வெடிப்பு, டாக்டர். விடியற்காலையில் ஐஸ் மாதிரி தண்ணீரில் மணிக்கணக்கில் நிற்கிறார்கள்.

தோல் மருத்துவர், குன்னூர்

அது ஒவ்வாமை இல்லை, ஓயாத ஈரம் தோலை அரித்துவிடுவது. அவர்களுக்குக் கையுறை உதவும். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, மேலே நீளமான ரப்பர் கையுறை. உள்ளே நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். வேலை முடிந்ததும், பிறகு படுக்கும் முன்பும் ஜெல்லி. கையுறை வாங்கிக் கொடுப்பது கூலிக்கு அமர்த்துகிறவர்களின் பொறுப்பு, அதை அந்தப் பெண்கள் தலையில் கட்டக் கூடாது.

கேத்தி அம்மா

எல்லோர் பதிலையும் கணவருக்குப் படித்துக் காட்டினேன். இறங்குகிற யோசனையை விட்டுவிட்டோம். மூன்று கேள்வி மட்டும் பாக்கி. ராத்திரி அரிப்புக்கு சிரப் கொடுக்கலாமா? எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? எல்கேஜியில் மற்ற பெற்றோர் "ஒட்டிக்கும்" என்று சொல்கிறார்கள், பள்ளியில் தனியாக உட்கார வைக்கிறார்கள். அவன் ஏன் என்று கேட்கிறான்.

லவ்டேல் டீச்சர்

படிக்கும்போதே வயிறு எரிகிறது, சகோதரி. டாக்டரிடம் "தொற்று நோய் அல்ல" என்று இரண்டு வரி எழுதி வாங்கித் தலைமை ஆசிரியரிடம் நேரில் கொடுங்கள். வகுப்பு ஆசிரியரிடம் தனியாகப் பேசுங்கள். ஹீட்டர் பக்கமோ, வெயில் விழும் ஜன்னல் பக்கமோ உட்கார வைக்க வேண்டாம், பையில் ஒரு சின்ன டப்பா ஜெல்லி இருக்கும், கை கழுவிய பிறகு தடவிக்கொள்ள விடுங்கள் என்று சொல்லுங்கள். என் வகுப்பில் இப்படி ஒரு பெண் குழந்தை இருந்தாள். எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் நான் அவள் கையைப் பிடித்து ஜெல்லி தடவிவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு பிள்ளையும் விலகி உட்காரவில்லை.

தோல் மருத்துவர், குன்னூர்

டீச்சர் செய்ததை எந்த மருந்துச் சீட்டாலும் செய்ய முடியாது. எக்ஸிமா ஒட்டாது. ஆனால் வீட்டில் மற்றவர்களுக்கும் சேர்ந்து அரித்தால், விரல் இடுக்கில் கொப்புளம் இருந்தால், ராத்திரியில் மட்டும் தாங்க முடியாமல் போனால் அது சிரங்காக இருக்கலாம். சிரங்கு ஒட்டும், மருந்தும் வேறு.

சிரப்: தூக்கம் வரவைக்கும் வகை சில ராத்திரிகளுக்கு உதவும், அதுவும் டாக்டர் சொன்னால் மட்டும். இந்த சிரப்கள் தடுப்பது ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமையில் உடம்பு வெளிவிடும் பொருளை. இந்த அரிப்புக்கு அது முக்கியக் காரணம் இல்லை, அதனால் அரிப்பை சிரப் பெரிதாகக் குறைக்காது. தோலைச் சரியாகப் பார்த்துக்கொண்டால் தூக்கம் தானாக வரும்.

ஓட வேண்டிய நேரம்: மஞ்சள் பொருக்கு, சீழ், சூடு, வலி, காய்ச்சல் இருந்தால் கிருமி சேர்ந்திருக்கிறது, அன்றே காட்டுங்கள். குத்தி எடுத்தது மாதிரி ஒரே அளவில் சின்னச் சின்னக் குழிப்புண்கள் வேகமாகப் பரவி, பிள்ளை சோர்ந்து போனால் அது ஹெர்பிஸ் வைரஸ். ராத்திரி என்றும் பார்க்காமல் கிளம்புங்கள். வீட்டில் யாருக்காவது உதட்டில் காய்ச்சல் கொப்புளம் இருந்தால் அது ஆறும் வரை பிள்ளைக்கு முத்தம் கொடுக்க வேண்டாம். கேத்தியிலிருந்து ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான். இ-சஞ்சீவனியில் வீடியோவில் டாக்டரிடம் பேசும் வசதியும் இருக்கிறது, ஆனால் இந்த மாதிரி அவசரத்துக்கு அது போதாது.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரக் குறையும். உங்கள் மகனுக்கு எந்த வயதில் என்று யாராலும் சொல்ல முடியாது. மூச்சிரைப்போ, ஓயாத தும்மலோ தொடங்கினால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். எக்ஸிமா, ஆஸ்துமா, ஒவ்வாமைத் தும்மல் எல்லாம் ஒரே குடும்பம்.

கேத்தி அம்மா

ரொம்ப நன்றி டாக்டர். பள்ளிச் சீருடை ஸ்வெட்டர் கம்பளி. கழற்ற விட மாட்டார்கள். என்ன செய்வது?

கோத்தகிரி நர்ஸ்

உள்ளே முழுக்கை பருத்தி பனியன் போட்டு, காலர் கழுத்தை மூடுகிற மாதிரி சட்டையை மேலே இழுத்து விடுங்கள். மணிக்கட்டில் சட்டைக் கையை ஸ்வெட்டருக்கு வெளியே மடித்து விடுங்கள். குல்லாவுக்கும் உள்ளே பருத்தித் துணி வைத்துத் தைக்கச் சொல்லலாம், ஊட்டி மார்க்கெட் பக்கம் தையல்காரர்கள் செய்து தருவார்கள். துணியை இன்னொரு தண்ணீர் கூடுதலாக அலசுங்கள், சோப்பு தங்கக் கூடாது. மழைக்காலத்தில் காயாத துணியை அரை ஈரத்தோடு போட்டுவிடாதீர்கள். வெயில் அடித்த அன்று ரஜாய்ப் போர்வையையும் தலையணையையும் வெளியே போட்டுவிடுங்கள்.